சென்னைக் கோடையில் திருவிழா, கடற்கரை, விளையாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனித் திருவிழா தொடங்கி கத்திரி முடியும்வரை, மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய எங்கள் தெருவில் நீர்மோர்ப் பந்தல் போடுகிறோம். மோர் வாங்க வருகிறவர்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே ஏதாவது ஒரு சந்தேகம் கேட்பார்கள். முகங்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதில்களையும் சேர்த்து இங்கே தொகுத்திருக்கிறேன். சாதாரணக் கேள்விகள் முதலில், கொஞ்சம் சிக்கலானவை பின்னால்.

கத்திரி மே 4ஆம் தேதிதானே ஆரம்பிக்குது? அதுக்குள்ள எதுக்கு இவ்ளோ பயப்படுறீங்க?

அக்னி நட்சத்திரம் பஞ்சாங்கக் கணக்கு. பெரும்பாலும் மே 4 முதல் 28 வரை வரும். ஆனால் உடம்பு பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பழகிய பிறகு வேர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் உப்பும் குறைவாகப் போகும். அப்படிப் பழகாத மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும்தான் கபாலீசுவரர் கோயில் பங்குனித் திருவிழா வருகிறது. மே மாதத்தில் தாங்கிக்கொள்ளும் அதே ஆள் அப்போது துவண்டுவிடுவார்.

கத்திரி முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று, கத்திரி கழிந்த பிறகு. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். அது கோடையே இல்லை. உச்சி வெயில், பெருங்கூட்டம், தண்ணீருக்குத் தவிப்பு, வெளியேற முடியாத நெரிசல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த நாள் அது. தேதியை விட்டுவிட்டு இந்த நான்கையும் பாருங்கள்.

டெல்லி, நாக்பூர்ல எல்லாம் 45 டிகிரி அடிக்குது. இங்க 37, 38தானே? அது என்ன பண்ணிடும்?

வேர்வை சுரப்பதால் உடம்பு குளிர்வதில்லை, அது ஆவியாகிப் போகும்போதுதான் குளிர்கிறது. கடலோரத்தில் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை ஆவியாகாமல் முதுகில் வழிந்து ஓடுகிறது. சட்டை நனைகிறதே தவிர சூடு இறங்குவதில்லை. புழுக்கம் என்று நாம் சொல்வது இதைத்தான். வறண்ட ஊரின் 42 டிகிரியைவிட நம் ஊரின் 37 சில நாள் மோசமாக இருப்பதற்குக் காரணமும் இதுதான்.

வானிலைத் துறையும் இதைக் கணக்கில் வைத்திருக்கிறது. வெப்ப அலை என்று அறிவிக்க, சமவெளியில் குறைந்தது 40 டிகிரி இருக்க வேண்டும். கடலோரத்துக்கு 37 டிகிரியே போதும், அது வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடுதலாக இருந்தால். செல்போனில் வெப்பநிலையைப் பார்க்கிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் ஈரப்பதத்தையும், 'உணரும் வெப்பம்' என்று காட்டும் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

எத்தனை மணியிலேருந்து எத்தனை மணி வரைக்கும் வெளிய போகக் கூடாது?

12 முதல் 3 என்பது பொதுவாகச் சொல்வது. சென்னைக்குக் கடல்காற்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். நல்ல நாளில் நண்பகல் வாக்கில் கிழக்கிலிருந்து காற்று திரும்பும். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், பெசன்ட் நகர் பக்கம் அது முதலில் வந்துவிடும். ஆவடி, பூந்தமல்லி போய்ச் சேர நேரமாகும். அங்கே இருப்பவர்கள் 4 மணி வரை காத்திருப்பது நல்லது.

மே பிற்பாதியில் மேற்குக் காற்று பலமாக வீசினால் கடல்காற்று உள்ளே வரவே திணறும். மரக்கிளை கிழக்கு நோக்கிச் சாய்ந்து, அனல் முகத்தில் அறைந்தால் அன்று கடல்காற்று தாமதம் என்று வைத்துக்கொள்ளலாம். நேரத்தை மாற்ற முடிகிற எந்த நிகழ்ச்சியையும் அன்று மாலை ஐந்துக்குத் தள்ளிவிடுங்கள். காலை என்றால் 9 மணிக்குள் முடியட்டும்.

தண்ணி எவ்ளோ குடிக்கணும்? தாகம் எடுத்தா குடிச்சாப் போதாதா?

வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தாகம் போதும். வெயிலில் நடப்பவருக்கும் நிற்பவருக்கும் போதாது. தாகம் தெரியும்போது உடம்பில் ஏற்கெனவே நீர் குறைந்திருக்கும். வயதானவர்களுக்குத் தாக உணர்வே மங்கிப்போகும், அவர்களைக் கேட்டுக் கேட்டுக் கொடுக்க வேண்டும். வெயிலில் இருக்கும்போது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் என்று பழக்கிக்கொள்ளுங்கள். ஒரேயடியாக இரண்டு லிட்டர் குடிப்பது பயன்படாது. உப்பே சேராமல் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வேறு தொல்லை வரும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரியாகக் குடிக்கிறீர்கள். அடர் மஞ்சளாகி, கடுப்பும் எடுத்தால் போதவில்லை. சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு இருப்பவர்களுக்கு மருத்துவர் ஓர் அளவு சொல்லியிருப்பார். அந்த அளவை வெயிலுக்கு ஏற்ப மாற்றலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

இதில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். திருவிழாவுக்கு வரும் பெண்கள் பலர் காலையிலிருந்தே வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தெரியாது, இருந்தாலும் உள்ளே போகிற நிலையில் இருக்காது. மோர் கொடுத்தால், "வேணாம் தம்பி, அப்புறம் எங்க போறது?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இவர்களுக்கு 'தண்ணீர் குடியுங்கள்' என்று அறிவுரை சொல்லிப் பயனில்லை. விழா நடத்துகிறவர்கள் சுத்தமான கழிப்பறையும், அது எங்கே என்று காட்டும் பலகையும் வைக்க வேண்டும். நீங்கள் போகிறவர் என்றால், வழியில் எந்த உறவினர் வீடு, எந்த ஓட்டல் என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

ஓ.ஆர்.எஸ்., குளூக்கோஸ், இளநீர், மோர் எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. மோரிலும் இளநீரிலும் நீரோடு உப்புச்சத்தும் இருக்கிறது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. உப்புப் போட்ட நீர்மோர் அந்தக் குறையைத் தீர்க்கும். பானகம், பதநீர், நுங்கு எல்லாமே நல்லதுதான், வழக்கமான நாளுக்கு இவை போதும். வெறும் குளூக்கோஸ் மாவில் சர்க்கரைதான் முக்கியம். வேர்த்து ஊற்றியவருக்கு அது பாதி மருந்துதான்.

தலைசுற்றல், தசைப்பிடிப்பு, வாந்தி, பேதி என்றால் ஓ.ஆர்.எஸ். மருந்துக்கடையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்த பொட்டலம் என்று கேட்டு வாங்குங்கள். முழுப் பொட்டலம் 20.5 கிராம் இருக்கும், அதை ஒரு லிட்டர் தண்ணீரில் மொத்தமாகக் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் பாதிப் பொட்டலத்தைக் கொட்டுவது தவறு. அட்டை டப்பாவில் வரும் இனிப்பான பழச்சாறுகளை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்கியவர்கள் நிறையப் பேர். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை அப்படிப்பட்ட பானங்களில் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. பொட்டலம் கிடைக்காத அவசரத்துக்கு, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்பு கூடிவிடக் கூடாது.

ரோட்டுக்கடை ஜூஸ் குடிக்கலாமா? தர்பூசணியில ஊசி போட்டு கலர் ஏத்துறாங்களாமே?

தர்பூசணியில் ஊசி போட்டால் ஓட்டை வழியாகக் காற்று புகுந்து பழம் சீக்கிரம் அழுகிவிடும். வியாபாரிக்கு அதில் நட்டம்தான். நன்றாகப் பழுத்த பழம் தானாகவே சிவப்பாக இருக்கும். 2025 கோடையில் சென்னையில் இந்தப் பயம் பரவி விலை விழுந்து, விவசாயிகள் நொந்துபோனார்கள். பழத்தைச் சந்தேகப்படுவதைவிட, காலையிலேயே வெட்டி ஈ மொய்க்கத் திறந்து வைத்திருக்கும் துண்டுகளைத் தவிர்ப்பது முக்கியம். உங்கள் கண்முன் வெட்டித் தரச் சொல்லுங்கள்.

உண்மையாகக் கவனிக்க வேண்டியது ஐஸ். மீனைப் பதப்படுத்த வைக்கும் பாறை ஐஸ் நல்ல தண்ணீரில் செய்ததாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. சாப்பிடத் தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018இல் விதி வந்தது. சாக்கு சுற்றிய பெரிய பாறையை உடைத்துப் போடும் கடையில் 'ஐஸ் வேண்டாம்' என்று சொல்லிவிட்டு ஜூஸை மட்டும் வாங்குங்கள்.

அறுபத்துமூவருக்குக் கைக்குழந்தையைத் தூக்கிட்டுப் போகலாமா?

எட்டாம் நாள் அறுபத்துமூவர் விழாவுக்கு நாலு மாட வீதியும் மதியத்திலிருந்தே நிறையும். அந்த நேரத்தில் கைக்குழந்தை வேண்டாம் என்பதுதான் என் பதில். குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். சூடேறினால் அழும், அதன் பிறகு அழக்கூட முடியாமல் துவளும். தூங்குகிறது என்று நினைத்துத் தோளிலேயே வைத்திருப்பார்கள். திருவிழா காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. அதிகார நந்தி வாகன ஊர்வலம் காலையில் நடக்கிறது. விடியலிலேயே வந்து பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் வீடு திரும்பலாம்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளோடு வருகிறவர்கள் நடுக்கூட்டத்தில் நிற்காமல் சந்து முனையில் நில்லுங்கள். எந்த வழியாக வெளியேறுவது என்று பார்த்துவிட்டு நில்லுங்கள். பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் செல்போன் எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். நெரிசல் இறுகினால் கைகளை மடக்கி மார்புக்கு முன்னால் வைத்து மூச்சுவிட இடம் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், அது போகும் திசையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள். கீழே விழுந்த செருப்பையோ செல்போனையோ எடுக்கக் குனியாதீர்கள்.

இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்வது ஒன்றுதான்: வெயிலில் அதிக ஆபத்து, நினைத்த நேரத்தில் நிழலுக்கு ஒதுங்க முடியாதவருக்கு. தோளில் இருக்கும் குழந்தை, கூட்டத்தின் நடுவில் மாட்டிய பாட்டி, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் நிற்கும் அம்மா, எல்லாருமே அந்தக் கணக்கில் வருகிறார்கள். இவர்களுக்காக வேறு ஒருவர் யோசித்தாக வேண்டும்.

வேண்டுதலுக்கு வெறுங்காலோட நடக்கிறேன். செருப்பு போட்டா தெய்வக் குத்தம் ஆகாதா?

வேண்டுதல் உங்களுக்கும் சாமிக்கும் நடுவில். அதில் நான் தலையிடவில்லை. தார் சாலை காற்றைவிட மிக அதிகமாகச் சூடேறும், மதியம் பாதம் கொப்பளிக்கச் சில நிமிடம் போதும் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்பது மணிக்குள் நடந்து முடித்தால் வேண்டுதலும் நிறைவேறும், காலும் தப்பும். மாட வீதியில் பழகியவர்களைப் பாருங்கள், சாலையோரம் வெள்ளைக் கோட்டின்மீதே நடப்பார்கள். வெள்ளைப் பட்டை வெயிலைத் திருப்பி அனுப்புவதால் அங்கே சூடு குறைவு. தெருக்காரர்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிவைப்பதும் நனைத்த சாக்கு விரிப்பதும் பெரிய உதவி.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து வெறுங்காலோடு வராதீர்கள். பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தால் சுடுவதே தெரியாது, வீட்டுக்குப் போய்ப் பார்த்தால்தான் புண் தெரியும். அந்தப் புண் ஆறுவது எவ்வளவு கடினம் என்று அந்த வீடுகளுக்குத் தெரியும். யாருக்குக் கொப்பளித்தாலும், ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மாவு, மை, ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்கவும் கூடாது.

விரதம் இருந்து பால்குடம் எடுக்கணும். பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடுறேன், பரவாயில்லையா?

மருத்துவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். சாப்பிடாமல் சுகர் மாத்திரை போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். பிரஷருக்காகக் கொடுக்கும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகம் பிரித்து உடம்பை வற்றவைக்கும். மனநலத்துக்கும் சளிக்கும் கொடுக்கும் சில மருந்துகள் வேர்வையையே குறைத்துவிடும். அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து. விழாவுக்கு ஒரு வாரம் முன்பே கேட்டால் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொடுப்பார்கள். பால், பழச்சாறு சேர்த்துக்கொள்ளும் விரதமாக வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. இன்சுலின் போடுகிறவர்கள் பைக் பெட்டியிலோ காரிலோ அதை விட்டுவைக்காதீர்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் ஈர மண்பானைக்குள் வைத்தாலும் அது குளிர்ச்சியாக இருக்கும்.

வெயில்ல ஒருத்தர் மயங்கி விழுந்துட்டா முதல்ல என்ன பண்ணணும்?

முதலில் அவருடைய புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். பேர் என்ன, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொன்னால் அது வெப்பச் சோர்வு. நிழலில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, இறுக்கமான உடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, மோரோ ஓ.ஆர்.எஸ்ஸோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெளியாவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பதில் குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், கோபமாகத் தள்ளினால், வலிப்பு வந்தால், நினைவே இல்லாவிட்டால் அது வெப்ப வாதம், அதாவது ஹீட் ஸ்ட்ரோக், என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு 40 டிகிரிக்கு மேல் போய் மூளை தடுமாறும் நிலை அது. எங்கள் பந்தலில் ஒரு பெரியவர் அவிழ்ந்த சட்டைப் பட்டனைப் போட முயன்றுகொண்டே இருந்தார். விரல் துளையைக் கண்டுபிடிக்கவே இல்லை. "ஒண்ணும் இல்லப்பா" என்று தெளிவாகத்தான் சொன்னார், அடுத்த கேள்விக்கும் அதையே சொன்னார், அதற்கடுத்த கேள்விக்கும் அதையே. முதலில் கவனித்தது அந்த விரல்களைத்தான். உடனே நனைத்தோம்.

108ஐ அழைக்க ஒருவர், குளிர்விக்க மற்றவர்கள். வண்டி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆட்டோவில் ஏற்றிப் போக்குவரத்தில் மாட்டுவதைவிட, இருக்கும் இடத்திலேயே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே இருப்பது உயிரைக் காக்கும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை நிறுத்தாதீர்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர், சோடா எதுவும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்காது. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள். சுற்றி நின்று பார்ப்பவர்கள் ஐந்தடி தள்ளி நின்றாலே அவருக்குக் காற்று வரும்.

ஆனா அவருக்கு வேர்வை கொட்டுதே! வேர்க்காம இருந்தாத்தான் ஹீட் ஸ்ட்ரோக்னு சொல்றாங்களே?

வீட்டுக்குள்ளேயே புழுங்கிக் கிடந்த முதியவர்களுக்குப் பெரும்பாலும் தோல் வறண்டிருக்கும். ஓடி ஆடியவர், பாரம் தூக்கியவர், பறை அடித்தவர் என்று உழைப்போடு வெப்ப வாதம் வந்தவர்களுக்கு வேர்வை ஆறாக ஓடிக்கொண்டே இருக்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்வை காயாது என்று மேலே சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் தோலை நம்பாமல் புத்தியைப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் குளிர்விப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை.

லீவு விட்டாச்சு, பசங்க மதியம் ஒரு மணிக்கும் கிரிக்கெட் ஆடுறாங்க. சொன்னா கேக்கறதில்ல.

தடுப்பதைவிட நேரத்தை மாற்றிக் கொடுப்பது பலிக்கும். காலை 6 முதல் 8.30, மாலை 4.30க்குப் பிறகு என்று அக்கம்பக்கத்துப் பெற்றோர் சேர்ந்து முடிவெடுங்கள். ஒரு வீடு மட்டும் தடுத்தால் அந்தப் பையன் தனியாகிவிடுவான். கோடைப் பயிற்சி முகாமில் சேர்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: நிழல் எங்கே, தண்ணீர் இடைவேளை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, 'முடியல சார்' என்று பையன் சொன்னால் என்ன செய்வீர்கள். 'ஒரு ரவுண்டு ஓடினா சரியாயிடும்' என்பது பதிலாக வந்தால் சேர்க்காதீர்கள்.

மொட்டைமாடியில் பட்டம் விடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் சென்னையில் பைக்கில் போனவர்களின் கழுத்தை அறுத்து உயிரைப் பறித்திருக்கிறது, குழந்தைகளும் இறந்திருக்கிறார்கள். அதற்குத் தடை இருக்கிறது. உங்கள் வீட்டில் அந்த நூல் இருந்தால் இன்றே எரித்துவிடுங்கள். பைக்கில் குழந்தையை முன்னால் நிற்கவைத்து ஓட்டாதீர்கள்.

அஞ்சு நிமிஷம்தானே, குழந்தை கார்ல தூங்கட்டும்னு விட்டுட்டுப் போகலாமா?

கூடாது. மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் சுமார் பத்து டிகிரி ஏறும். வெளியே 36 என்றால் உள்ளே 46. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. ஏ.சி. ஓடட்டும் என்று இன்ஜினைப் போட்டுவிட்டுப் போனால், இன்ஜின் நின்றாலோ பிள்ளை பொத்தானை அழுத்தினாலோ நிலைமை மோசமாகும். அதேபோல் வீட்டில் நிற்கும் காரைப் பூட்டி வையுங்கள். கண்ணாமூச்சி ஆடும் பிள்ளைகள் உள்ளே புகுந்து மாட்டிக்கொள்வதுண்டு.

மெரினாவில காலைத்தானே நனைக்கிறோம். அதுல என்ன ஆபத்து?

மெரினாவில் குளிப்பதற்குத் தடை இருக்கிறது. காரணம் கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே தரை சட்டென்று இறங்கிவிடுவது. முழங்கால் தண்ணீரில் நிற்பவரின் காலடி மணலை அலை திரும்பும்போது அரித்துக்கொண்டு போகும். தடுமாறி விழுந்தால் அடுத்த அலை உள்ளே இழுக்கும். நனைந்த சேலை, ஜீன்ஸ் எழுந்திருக்கவிடாது. நீச்சல் தெரிந்தவர்களும் இங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். பெசன்ட் நகர் கடற்கரையில் வெள்ளையாக நிற்கும் நினைவுமண்டபம், 1930இல் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் இறந்த டென்மார்க்காரர் கார்ல் ஷ்மிட்டுக்காகக் கட்டியது. அதன் நிழலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறவர்கள் அந்தக் கடலைப் பற்றி அது சொல்வதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அலைகள் வெள்ளையாக உடைந்துகொண்டிருக்கும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருமையாகத் தெரிந்தால் அங்கே இறங்காதீர்கள். கரைக்கு வந்த நீரெல்லாம் திரும்பி ஓடும் வழி அது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துவிடக் கூடாது. மிதந்துகொண்டே கையை உயர்த்துங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பிலிருந்து விலகிய பிறகு திரும்புங்கள்.

ஒருத்தர் மூழ்குறதைப் பார்த்துட்டு எப்படிச் சும்மா நிக்கிறது? குதிச்சுடலாமா?

சும்மா நிற்க வேண்டாம், குதிக்கவும் வேண்டாம். மூழ்குகிறவர் கைக்குக் கிடைத்ததை இறுக்கிப் பிடித்து அமுக்குவார். ஒருவரைக் காப்பாற்றப் போய் அண்ணன் தம்பி சேர்ந்து போன செய்திகள் ஒவ்வொரு கோடையிலும் வருகின்றன. கயிறு, முடிச்சுப் போட்ட சேலை, மூடிய காலி கேன், பந்து எதையாவது வீசுங்கள். கத்தி மீனவர்களையும் காவலர்களையும் கூப்பிடுங்கள், 108ஐ அழையுங்கள். செம்பரம்பாக்கம் போன்ற ஏரி, புறநகர்க் கல்குவாரிக் குட்டைகளுக்கும் இதே விதிதான். குவாரியில் ஏறிவரப் படியே இருக்காது, அதனால் அங்கே இறங்கவே கூடாது.

வெளியே எடுத்தவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கவோ, தலைகீழாகச் சுற்றவோ கூடாது. மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊதி, பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தி, மறுபடி இரண்டு முறை ஊதுங்கள். பயிற்சி இல்லாதவர் நெஞ்சை அழுத்துவதையாவது உதவி வரும்வரை நிறுத்தாமல் செய்யலாம். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

நாங்களும் பந்தல் போடணும். என்ன பார்த்துக்கணும்?

தகரக் கொட்டகை வேண்டாம், அது அடுப்பாகிவிடும். தென்னங்கீற்றுதான் சரி. ஆனால் கீற்றின் கீழே அடுப்போ கற்பூரமோ கூடாது. பக்கத்திலேயே இரண்டு பேரல் தண்ணீரும் மணல் வாளியும் இருக்கட்டும். காவல் நிலையத்திலும் மாநகராட்சியிலும் சொல்லி அனுமதி வாங்குங்கள். மோருக்கு நீளக் கைப்பிடி அகப்பை, டம்ளரை உள்ளே விட்டு மொள்ளக் கூடாது. மோரில் போடும் ஐஸ் பற்றி மேலே சொன்னது உங்களுக்கும்தான். கடைசியாக, கொடுப்பவர்களைத் தவிர இன்னொருவர் வேலை எதுவும் இல்லாமல் முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். யார் தள்ளாடுகிறார், யார் ஓரமாக உட்கார்ந்துவிட்டார் என்று அவர்தான் கவனிப்பார்.

வெயில்ல இறந்தா அரசாங்கம் பணம் தருமாமே?

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் நிவாரணம் உண்டு. மரணத்துக்கு வெப்பம்தான் காரணம் என்பது ஆவணத்தில் பதிவாக வேண்டும். எத்தனை மணிக்கு, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது விழுந்தார் என்பதை மருத்துவமனையில் தெளிவாகச் சொல்லி எழுதவையுங்கள். 'திடீர் மாரடைப்பு' என்று மட்டும் எழுதிவிட்டால் பிறகு நிரூபிப்பது கடினம்.

நாம நிழல்ல நிக்கிறோம். சாமி தூக்குறவங்க, மேளக்காரங்க, தெரு கூட்டுறவங்களுக்கு யார் பார்ப்பாங்க?

இதை ஒரு பள்ளி மாணவி கேட்டாள். நினைத்த நேரத்தில் ஒதுங்க முடியாதவர்கள் என்று முன்னே சொன்னேனே, அந்தப் பட்டியலில் முதலில் வர வேண்டியவர்கள் இவர்கள்தான். சாமி தூக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகள் தோளிலிருந்து தூக்குத் தண்டை இறக்க முடியாது. நாகசுரக்காரர் ஊர்வலம் நிற்காமல் நிற்க முடியாது. பந்தோபஸ்துக்கு நிற்கும் காவலர் இடத்தை விட்டு நகர முடியாது. எல்லாரும் கலைந்துபோன பிறகும் தூய்மைப் பணியாளர்கள் வீதியில் இருப்பார்கள்.

விழாக் குழுவினரிடம் கேட்டு வாங்க வேண்டியவை: ஒவ்வொரு வீதி முனையிலும் சாமி நிற்கும் சில நிமிடங்களில் தாங்கிகளும் மேளக்காரர்களும் குடிக்கத் தனித் தண்ணீர், மாற்று ஆட்கள், புதிதாகத் தூக்க வருகிறவருக்கு முதல் நாளிலேயே முழுச் சுற்று கொடுக்காமல் பழக நாலைந்து நாள். நம் கையில் இருப்பவை: மோர் ஜாடியைப் பந்தலிலேயே வைத்திருக்காமல் காவலர் நிற்கும் இடத்துக்கு எடுத்துப்போய்க் கொடுப்பது, ஊர்வலம் முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடாமல் தூய்மைப் பணியாளர்கள் வேலை முடிக்கும்வரை ஒரு பானையாவது நிறைத்து வைப்பது. அவர்கள் தயங்கித் தள்ளி நிற்பார்கள். நாமே போய்க் கூப்பிட வேண்டும், நிழலில் நாற்காலியும் போட்டுத் தர வேண்டும்.